அண்ணனின் கார்டில் அறை, அப்பாவின் பெயரில் பதிவு

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் பெற்றோருக்குத் தங்கள் கிரெடிட் கார்டிலேயே ஹோட்டல் அறை எடுத்துக் கொடுப்பது இன்று வெகு சாதாரணமாகிவிட்டது. பதிவு உறுதியாகிவிட்டது, மின்னஞ்சலும் வந்துவிட்டது, இனி பாஸ்போர்ட்டைக் காட்டினால் அறைச் சாவி கைக்கு வந்துவிடும் என்றுதான் நாம் நம்பிப் புறப்படுகிறோம். அமெரிக்காவின் பல ஹோட்டல்களில் அது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. வயதானவர்களைத் தனியாக அனுப்பி வைக்கும் குடும்பங்கள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

அப்பா அம்மாவுடன் நான் நியூயார்க் சென்றபோது, டல்லாஸில் இருக்கும் அண்ணன் மன்ஹாட்டனில் ஒரு ஹோட்டலில் அப்பாவின் பெயரில் அறை பதிவு செய்திருந்தார். பின்னிரவில் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, பதிவுக்குப் பயன்படுத்திய கார்டை நேரில் காட்டும்படி கேட்டார். அப்பா, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த உறுதிச் சீட்டை எடுத்து, தன் பெயர் அச்சாகியிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பெயர் சரிதான், ஆனால் கார்டு வேறொருவருடையதாக இருக்கிறதே என்றார் அந்தப் பெண். அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தோம். கார்டு எண்ணைச் சொல்கிறேன் என்று அவர் கூறியும், வாய்வழியாகச் சொல்லும் எண்ணை ஏற்க விதி இல்லை என்று மறுத்துவிட்டார்கள். நீண்ட விமானப் பயணத்தில் கால் வீங்கியிருந்த அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டு அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு வந்து, அவர் அதில் ஒப்புதல் படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட்டு, மேலாளர் அதைப் பார்த்து அனுமதித்த பிறகே சாவி கிடைத்தது.

அந்தப் பெண் கேட்டதில் தவறில்லை என்றே நான் கருதுகிறேன். இந்தியாவில் 2009 ஆகஸ்ட் முதல், இணையத்தில் கார்டு வழியே பணம் கட்டும்போது கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அதனால் ஓடிபி வந்து, அதைப் போட்டு, பணம் போனால் கார்டுக்கு உரியவர் சம்மதித்துவிட்டார் என்பதே நமக்குப் பழகிய நடைமுறை. அமெரிக்காவில் அப்படியொரு பொதுக் கட்டாயம் கிடையாது. கார்டு எண், முடிவுத் தேதி, பின்புறத்தில் இருக்கும் மூன்று இலக்கம் ஆகியவை தெரிந்த எவரும் பெரும்பாலான தளங்களில் அறை பதிவு செய்துவிடலாம். இந்தப் பதிவுக்கு நான் சம்மதிக்கவில்லை என்று கார்டுக்காரர் தன் வங்கியில் முறையிட, விசா கார்டு நிறுவனத்தின் விதிகளின்படி பொதுவாக 120 நாள் அவகாசம் இருக்கிறது. அவர் முறையிட்டு, ஹோட்டலிடம் தக்க ஆதாரமும் இல்லாவிட்டால், விருந்தினர் தங்கிச் சென்ற பிறகும் அந்தத் தொகை ஹோட்டலின் கையைவிட்டுப் போய்விடும். சிப் உள்ள கார்டை ஹோட்டலின் இயந்திரத்தில் நேரடியாகச் செருகினால், போலிக் கார்டினால் வரும் இழப்பை 2015 அக்டோபருக்குப் பிந்தைய அமெரிக்க நடைமுறைப்படி பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியே ஏற்கும். எண்ணை மட்டும் தட்டெழுதிச் செய்த பரிவர்த்தனையில் இழப்பு பெரும்பாலும் விற்பவர் தலையில்தான் விழும். கார்டை நேரில் கேட்பதற்கு இதுவே காரணம்.

என் வருத்தம் வேறொன்றைப் பற்றியது. இந்த நிபந்தனை எங்கள் உறுதி மின்னஞ்சலின் அடியில், ரத்து விதிகளுக்கும் வாகன நிறுத்தக் கட்டணத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் இருந்தது. தங்குபவரின் பெயரும் கார்டில் உள்ள பெயரும் வேறு என்பது பதிவாகும் நொடியிலேயே கணினிக்குத் தெரிந்துவிடும் செய்தி. அப்போதே படிவத்தை அனுப்பியிருந்தால், எழுபது வயதைக் கடந்த இருவர் நள்ளிரவில் காத்திருக்க நேர்ந்திருக்காது. நான் உடன் போயிருக்காவிட்டால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

எல்லாப் பதிவும் ஒரே மாதிரியானதல்ல. பயணத் தளத்திலேயே முழுப் பணத்தையும் கட்டிவிட்டால், பல நேரங்களில் அந்தத் தளமே தன் பொறுப்பில் ஹோட்டலுக்குப் பணம் கொடுக்கிறது. அங்கே அண்ணனின் கார்டைக் கேட்பது அரிது. ஹோட்டலில் கட்டிக்கொள்ளலாம் என்ற வகையில், கொடுத்த கார்டு வெறும் உத்தரவாதம்தான். எங்களுடையது இந்த வகை. இதைத் தேர்ந்தெடுப்பவர்கள், புறப்படுவதற்குச் சில நாள் முன்பே ஹோட்டலை நேரடியாகத் தொடர்புகொண்டு ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்கி, அது ஏற்கப்பட்டது என்ற பதிலையும் எழுத்தில் பெற்றுவிட வேண்டும். படிவத்தில் அறை வாடகையும் வரியும் மட்டுமா, உணவு உள்ளிட்ட எல்லாச் செலவுமா என்று குறிக்கும் இடம் இருக்கும். அதைக் கவனித்துக் குறிக்க வேண்டும்.

சில ஹோட்டல்கள் இன்னமும் கார்டின் இருபுறத்தையும் படமெடுத்து மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பச் சொல்கின்றன. இதற்கு யாரும் இணங்கக் கூடாது என்று அழுத்தமாகவே சொல்வேன். பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு அந்த மூன்று இலக்கத்தை வணிகர்கள் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு விதி. அந்த இலக்கம் தெரியும் படம் யாரோ ஒருவருடைய கைப்பேசியில் கிடப்பது, மோசடியைத் தடுக்கிறோம் என்று சொல்லி அதற்கே வழி திறந்து விடுவதாகும். பாதுகாப்பான இணைப்பு வழியே நிரப்பும் படிவத்தையோ பணம் கட்டும் இணைப்பையோ கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் வேறு ஹோட்டல் பாருங்கள்.

படிவம் முடிந்தாலும் இன்னொரு தடை உண்டு. மகன் வாடகையை மட்டும் ஏற்றிருந்தால், மற்றச் செலவுகளுக்காகத் தங்குபவர் தன் கார்டில் ஒரு முன்வைப்புத் தொகையை ஹோட்டல் பிடித்து வைக்க அனுமதிக்க வேண்டும். எங்களுக்கும் அதைக் கேட்டார்கள். 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் இந்தியாவுக்குள் பயன்படும்படி மட்டுமே தரப்படுகின்றன. வெளிநாட்டில் செல்லுபடியாக, நாமே வங்கிச் செயலியில் அந்த வசதியைத் திறந்துவிட வேண்டும். அப்பாவின் கார்டு அங்கே மறுக்கப்பட்டதற்கு அதுவே காரணம். வரவேற்பறை வைஃபையில் செயலியைத் திறந்து அதைச் சரிசெய்தோம். டெபிட் கார்டைக் கொடுத்தால், பிடித்து வைக்கும் தொகை கணக்கில் இருக்கும் பணத்திலேயே குறைந்துவிடும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுவிக்கப்படச் சில நாட்கள் ஆகலாம். ஆகவே பெற்றோரிடம் ஒரு கிரெடிட் கார்டு இருந்தால், முன்வைப்புத் தொகைக்கு அதையே கொடுக்கச் சொல்லுங்கள். டெபிட் கார்டில் இருக்கும் பணம் வழிச்செலவுக்கு முழுதாக அவர்கள் கையில் இருக்கட்டும்.