கையெழுத்து வைத்தவர்கள்

2025 செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு மன்னாரில் நடந்ததை மறுநாள் காலை போனில் பார்த்தேன். காற்றாலைக்கான பாகங்கள் ஏற்றிவந்த வாகனத்தை மறித்து நின்ற சனத்துக்கும் பொலிசுக்கும் இடையில் தள்ளுமுள்ளு. மனைவி காயப்பட்டவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். நான் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பொலிஸ்காரன் எங்கே நிற்கிறான்? அவனைத்தானே முன்னுக்கு விடுவார்கள். பொலிஸிலிருந்து ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை.

மட்டக்களப்பில் தமிழ் பேசும் பொலிஸ்காரனுக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத இன்னொரு உத்தியோகம் உண்டு. நான் வேலை செய்த நிலையங்களில் புத்தகங்கள் சிங்களத்தில். நீதிமன்றம் தமிழில். முறைப்பாட்டோடு வருகிற சனமும் தமிழ். ஆக, ஒரு தாள் கதவால் உள்ளே வந்தாலும் சரி, வெளியே போனாலும் சரி, அது என் மேசையைத் தொட்டுத்தான் போகும். அதற்கென்று ஒரு சதம் கூடுதல் படி கிடையாது. பகிடிக்கு என்னை 'தபால்காரன்' என்பார்கள்.

எந்த ஊர், எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு கிராமம் என்றால் போதும். அங்கே சூரிய மின் திட்டம் ஒன்று வருவதாக இருந்தது. நல்ல விஷயம்தான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. 2022இல் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்களில் மெழுகுதிரி வெளிச்சத்தில் முறைப்பாடு எழுதியவன் நான். ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். பத்து மெகாவாட் என்றால் கணக்குப் பாருங்கள். அதிலும் வெள்ளம் நிற்காத மேட்டுநிலம் வேண்டும்.

பெரும்போகம் விதைத்துவிட்டால் படுவான்கரையில் மாடு நிற்க வயலில் இடமில்லை. பட்டியைச் சாய்த்துக்கொண்டு மேய்ச்சல் தரைக்குப் போய், அறுவடை முடிந்த பிறகுதான் திரும்பி வருவார்கள். மழைக்குள் மாடு படுக்கவும் அதே மேட்டுநிலம்தான் வேண்டும். மாரியில் நூற்றுக்கணக்கான மாடு நிற்கிற இடம், கோடையில் போய்ப் பார்த்தால் சும்மா கிடக்கிற வெறும் தரை. அளக்க வந்தவர்கள் கோடையில் வந்தார்கள். வரைபடத்தில் அது அரச காணி.

கால்நடை வளர்ப்போர் சங்கம் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதி ஒன்றை எங்களுக்கும் தந்தது. இரண்டு பக்கம், கொப்பித் தாள், அடியில் பதினொரு கையெழுத்து. மறிப்போம், மோதுவோம் என்று அதில் ஒரு சொல் இல்லை. 'எங்களையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வையுங்கள்' என்பதுதான் முழுக் கடிதமும். பொறுப்பதிகாரிக்காக நான்தான் அதைச் சிங்களத்தில் எழுதினேன். 'மேய்ச்சல் தரை' என்பதற்கு 'தணபிம' என்று போட்டேன். அவர் வாசித்துவிட்டு, "புல்லுக் காணி யாருடையது?" என்றார். அரச காணி சேர் என்றேன். "அப்ப இவங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று மூடி வைத்தார். கெட்ட மனிதர் அல்ல. அவர் பிறந்த ஊரில் மாடு வீட்டுக்குப் பின்னால் நிற்கும்.

கூட்டம் நடக்கவில்லை. ஒரு நாள் வேலிக்கட்டைகள் ஏற்றிய லொறி வந்தது, சனம் மறித்தது. இரண்டாம் நாள் நீதிமன்றத்துக்குப் போக முடிவாயிற்று. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவில் அவசரத் தடையுத்தரவு கேட்கலாம். கேட்பதென்றால் யாருக்கு எதிராக என்று பெயர் வேண்டும். மறித்து நின்றவர்களின் பெயர் யாரிடமும் இல்லை. அப்போது ஒருவர் சொன்னார்: "கடிதம் இருக்குத்தானே!"

இருந்தது. கோவையில் இருந்தது. என் கையால் மொழிபெயர்த்து, பெயரெல்லாம் பிழையில்லாமல் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பதினொரு பெயரையும் விண்ணப்பத்தில் தமிழில் தட்டச்சு செய்ததும் நான்தான். எட்டாவது பெயர்க்காரன் இரண்டு வருடமாகக் கட்டாரில். தம்பி அண்ணனுக்காகக் கையெழுத்து வைத்திருக்கிறான். அது எனக்குத் தெரியும், தட்டச்சு செய்யும்போதும் தெரியும். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பத்துப் பெயராகியிருக்கும், அவ்வளவுதான் என்று அன்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கூட்டம் கேட்டவர்கள் பதினொரு பேரும் கூட்டம் கூடக் கூடாதவர்கள் ஆனார்கள்.

மறுநாள் உத்தரவை வாசிக்கப் போனோம். சனத்தில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். எங்களிடம் பெண் பொலிஸ் இரண்டே பேர். பக்கத்து நிலையத்திலிருந்து வரவேண்டியவர்கள் வரவில்லை. அன்று யாரும் கைதாகாமல் போனதற்கு மனிதாபிமானம் ஒரு காரணமென்றால், இது மற்றக் காரணம்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிக் குழப்பம் வரும் என்றால் கலைந்து போகக் கட்டளையிடும் அதிகாரம், சட்டப்படி, நீதவானுக்கு அல்லது பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்குத்தான். என்னைப் போன்ற சார்ஜன்டுக்குக் கிடையாது. பொறுப்பதிகாரி "விசிர யன்ன" என்றார். ஊர் கேட்டது, ஒலிபெருக்கியில் "கலைந்து போங்க" என்ற என் குரலை. மழைத் தூறல், ஒலிபெருக்கி இடையிடையே கீச்சிட்டது. பதினொரு பெயரையும் வாசித்தேன். எட்டாவது பெயருக்கு யாரோ பின்னால் சிரித்தார்கள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் குந்தியிருந்த ஒரு கிழவி, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஆர்ர மகன் மனே?"

நான் பேசவில்லை.

"எந்த ஊர்? என்ன குடி?"

மட்டக்களப்பில் தாய்வழியில் வருகிற குடியைக் கேட்டால் ஆளையே கேட்டதுபோல. அதற்குச் சீருடையில் நின்று என்ன பதில் சொல்வது? பொறுப்பதிகாரி என் காதுக்குள், என்ன கேட்கிறார் என்றார். மழைக்கு மாட்டை எங்கே கொண்டுபோவது என்று கேட்கிறார் சேர் என்றேன். பொய்தான். ஆனால் மூன்று நாளாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அவர் யோசித்துவிட்டு, "அது பொலிசுக்கு உரிய விஷயம் இல்லை என்று சொல்லுங்க" என்றார். சொன்னேன். கிழவி தன் கேள்விக்கு அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டார் போல. "சரி மகன்" என்று எழுந்து போய்விட்டார்.

இதை எழுதக் காரணம் அந்த வாக்கியம்தான். அது பொலிசுக்கு உரிய விஷயம் இல்லை என்பது முழு உண்மை. ஆனால் அது யாருக்கு உரிய விஷயமோ அவர்களில் ஒருவர்கூட அன்று அங்கே இல்லை. பொறியியலாளர் இல்லை, காணி உத்தியோகத்தர் இல்லை, கம்பனிக்காரர் லொறிச் சாரதியைத்தான் அனுப்பியிருந்தார். பதில் சொல்ல வேண்டிய ஆள் நிற்க வேண்டிய இடத்தில் பொல்லோடு எங்களை நிறுத்துவார்கள். மன்னாரிலும் எனக்கு அதுவே கண்ணில் பட்டது. 103.5 மெகாவாட் தம்பபவனி 2020 முதல் அங்கே சுற்றுகிறது, முப்பது காற்றாலைகள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த சனம்தான் வெள்ளம் வடிய வழியில்லை, மீன்பாடு குறைந்துவிட்டது என்று புதியவற்றை மறித்தது. 2025 ஓகஸ்டில் ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். மாதம் முடிந்த பிறகு வீதிக்கு வந்தது பொலிஸ். முடிவு எடுக்கிற இடமோ வேறு. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் வரவிருந்த 500 மெகாவாட் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது கொழும்பில், உயர் நீதிமன்றத்தில் அரசு சொன்ன ஒரு வார்த்தையோடு.

106ஆம் பிரிவு உத்தரவுக்குப் பொதுவாகப் பதினான்கு நாள்தான் ஆயுள். ஊரில் அதைச் சரியாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். பதினைந்தாம் நாள் காலை திரும்பவும் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அதற்குள் வேலி முக்கால்வாசி எழும்பிவிட்டது. கடைசியில் மாடு போக ஒரு ஒழுங்கை விட்டார்கள். இரண்டு பட்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு தயிர் வாங்க அந்தப் பக்கம் போனேன். சீருடை இல்லாததால் யாரும் அடையாளம் காணவில்லை, அல்லது கண்டும் விட்டுவிட்டார்கள். சட்டியைக் கட்டித் தந்த பையனிடம், சங்கம் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். கடிதமெல்லாம் எழுதுகிறார்களாம். ஆனால் அடியில் முத்திரை மட்டும்தான், யாரும் பெயர் போடுவதில்லையாம்.