வராந்தாவில் 45 வினாடி: சிஓபிடி பயிற்சி நாட்குறிப்பு, சேலம்

ஜனவரி 6, செவ்வாய்
சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களை "முடிஞ்ச வரைக்கும் நடங்க" என்று சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். வேகத்தைக் கணக்குப் போட்டே கொடுக்க வேண்டும். 30 மீட்டர் வராந்தாவில் ஆறு நிமிட நடைச் சோதனை. 300 மீட்டர் வந்தால் நிமிடத்துக்கு 50. அதில் 80 சதவீதம், 40 மீட்டர்தான் பயிற்சி வேகம். அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 45 வினாடி. பயிற்சியில் கூடவே நடக்கலாம், சோதனையில் கூடாது. பக்கத்தில் வருபவரின் வேகம் ஒட்டிக்கொள்ளும். 10 மீட்டர் இடம்தான் என்றால் திரும்பித் திரும்பியே தூரம் குறையும். மறுசோதனையும் அதே இடத்தில்தான்.

ஜனவரி 8, வியாழன்
மூச்சுத்திணறலை 0 முதல் 10 வரை கேட்கிறோம். 4க்கும் 6க்கும் நடுவே இருந்தால் சரி. 2 என்று சிரித்துக்கொண்டே சொன்னால் வேகம் போதவில்லை. டாக்டர் எழுதிய சால்பூட்டமாலை (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) பயிற்சிக்கு 15 நிமிடம் முன்பே இழுத்துவிட வேண்டும்.
சுருங்கிய மூச்சுக்குழாயில் காற்று மெதுவாகத்தான் வெளியேறும். அவசரமாக இழுத்தால் பழைய காற்று தங்கி நெஞ்சு உப்பும், புதுக் காற்றுக்கு இடமில்லை. இரண்டு எட்டு வைப்பதற்குள் மூக்கால் இழுத்து, நான்கு எட்டு வைப்பதற்குள் உதட்டைக் குவித்து விடச் சொல்கிறோம். அப்படியும் தாங்காதவருக்கு 30 வினாடி நடை, 30 வினாடி ஓய்வு.

ஜனவரி 13, செவ்வாய்
நாளை போகி. காலைப் புகை அடங்கும்வரை வெளிநடை வேண்டாம். வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை, இரண்டு சுற்று. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடவும்.
கைப் பயிற்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு கிலோ. பரணில் பாத்திரம் எடுக்கும்போது மூச்சு வாங்குவதற்குக் காரணம் உண்டு: மூச்சுக்கு உதவும் கழுத்து, தோள் தசைகள் அப்போது கையைத் தாங்கப் போய்விடுகின்றன. தூக்கும்போது மூச்சை விடவும். அடக்கிக்கொண்டு தூக்குபவர்களே அதிகம்.

ஜனவரி 20, செவ்வாய்
ஏற்காட்டில் இருப்பவர்களுக்குச் சேலத்துக் கணக்கு செல்லாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே நடைக்கு ஆக்சிஜன் அளவு இன்னும் இறங்கும். அங்கேயே, சமதரையில் சோதித்து வேகத்தைப் புதிதாகப் போட வேண்டும். மேட்டுப் பாதை பிறகு.
ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே போனால் நின்று ஓய்வு. டாக்டருக்கும் தெரிவிக்க வேண்டும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் என்றால் அன்றைய பயிற்சி அவ்வளவுதான். ஆனால் பனியில் விறைத்த விரலும் நகப்பூச்சும் ஆக்சிமீட்டரை (விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி) ஏமாற்றும். நின்ற பிறகு கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஓரிடத்தில் நிலைத்ததும் எழுதவும்.