பதினெட்டா, பதினாறா: டெல்லிக்கு நான் அனுப்பிய மனு

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். 2020 தொடக்கத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா பற்றி நாடாளுமன்றக் கூட்டுக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் தாக்கலான மசோதா அது. 18 வயது நிரம்பாத எல்லோரும் அதில் குழந்தைகள். அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பதினேழு வயதுப் பையன் ஆன்லைனில் மாதிரித் தேர்வு எழுதவும் அப்பாவைக் கூப்பிட வேண்டுமா? என் மாணவர்களில் பலருடைய வீட்டில் ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பையன்தான்.

சரி, எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் அல்லது இந்தியில், இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும். தமிழில் நான் எழுதிய ஐந்து பக்கத்தைப் படித்த வக்கீல் நண்பர் சிரித்துவிட்டார். "இது புலம்பல் சார். எந்த உட்பிரிவு, அதில் எந்தச் சொல்லை மாற்றணும், பதிலுக்கு என்ன போடணும், ஏன்? இவ்வளவு போதும்." இரண்டு ராத்திரி போராடி ஒன்றரைப் பக்கம் ஆக்கினோம். சாரம் ஒரே வரி: பதினெட்டைப் பதினாறாக்குங்கள். அதை ஃபேஸ்புக்கில் போடும் ஆசையும் இருந்தது. குழுவுக்குப் போகும் மனுவை ரகசிய ஆவணமாகத்தான் வைத்திருப்பார்கள், வெளியிடக்கூடாது என்று நண்பர் தடுத்துவிட்டார்.

ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்தினேன். அப்புறம் கொரோனா. குழுவின் அறிக்கை 2021 டிசம்பரில் வந்தது, 81 திருத்தங்கள். 2022 ஆகஸ்டில் அரசு மசோதாவையே வாபஸ் வாங்கியது. அந்த நவம்பரில் புதிய வரைவு வெளியிட்டு மறுபடி கருத்துக் கேட்டார்கள். அலுத்துப்போய் நான் எழுதவில்லை. என் தப்புதான்.

புதிய மசோதா 2023 ஆகஸ்ட் 3 அன்று தாக்கலானது. இந்த முறை குழுவுக்குப் போகவில்லை. 7ஆம் தேதி மக்களவை, 9ஆம் தேதி மாநிலங்களவை, 11ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்புத்தான். அடுத்த மாதம் மகளிர் இடஒதுக்கீட்டுக்கான அரசமைப்புத் திருத்தம் வந்தபோது மக்களவையில் 454க்கு 2 என்று எண்ணினார்கள். அப்படியொரு திருத்தம் நிறைவேற, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும், அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் ஆதரவு வேண்டும், எண்ணாமல் முடியாது. சாதாரணச் சட்டத்துக்கு, யாரும் எண்ணிக்கை கேட்காவிட்டால், 'ஆம்' என்ற சத்தமே போதும்.

அரசிதழில் சட்டம் வந்ததும் 'குழந்தை' என்பதற்கான வரையறையைத்தான் முதலில் தேடினேன். பதினெட்டு.