முதல் கம்ப்யூட்டரை நானே பாகம் சேர்த்துப் பூட்டிய கதை

பழைய லேப்டாப்பில் ஒரு பத்து நிமிட வீடியோவை எடிட் செய்து வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க ஃபேன் கத்திக்கொண்டே இருக்கும், வேறு எதையும் தொட முடியாது. மூன்றாவது முறையாகப் பாதியில் நின்று போன அன்றுதான், உதிரி பாகங்களாக வாங்கி ஒரு டெஸ்க்டாப்பை நானே பூட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அதுவரை ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து நான் செய்த ஒரே வேலை, தூசு தட்டியது.

எல்லோரையும் போல நானும் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரில்தான் தொடங்கினேன். ஏழு வாரம் ஓடிப் போனது. ராத்திரி உட்கார்ந்து வேக ஒப்பீட்டு வரைபடங்களைப் பார்ப்பேன். இன்று ஒன்று ஜெயிக்கும், நாளை இன்னொன்று. கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது: நான் பார்த்ததில் முக்கால்வாசி கேம்களை வைத்து அளந்தவை. நானோ கேம் ஆடுவதே இல்லை. எனக்கு வேண்டியது கொஞ்சம் வீடியோ எடிட்டிங், கொஞ்சம் புரோகிராமிங், நாற்பது டேப் திறந்த பிரவுசர். அவ்வளவுதான்.

ஏற்கெனவே நாலைந்து மெஷின் பூட்டிய நண்பன் ஒருவன் போனில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "பிராசஸரை அப்புறம் பாருடா. எந்த சாக்கெட்டுன்னு முதல்ல முடிவு பண்ணு" என்றான்.

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகைதான் மதர்போர்டு; அதில் பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். சாக்கெட்டைத் தேர்ந்துவிட்டால் எந்த போர்டு, எந்த ராம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்), நாலு வருடம் கழித்து எதற்கு மாற முடியும் என்பதெல்லாம் கூடவே முடிவாகிவிடுகிறது. நான் பார்த்து வைத்திருந்த இன்டெல் பிராசஸர்கள் எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கானவை. 12, 13, 14-ம் தலைமுறைகள் மூன்றும் அதில் உட்காரும், ஆனால் அடுத்து வந்த கோர் அல்ட்ரா வரிசைக்கு வேறு சாக்கெட். போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட். ரைசன் 7000 வரிசைக்காக வந்த அதே சாக்கெட்டில் 2024-ல் வந்த ரைசன் 9000-மும் உட்கார்ந்தது. இதற்கு முந்தைய ஏஎம்4 கதையும் என் மனதில் இருந்தது. 2017-ல் வாங்கிய போர்டு சிலவற்றில், போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2020-ல் வந்த ரைசன் 5000-ஐப் போட முடிந்தது. இதில் இன்டெல்லுக்கும் ஒரு நியாயம் உண்டு. எல்ஜிஏ1700 போர்டுகளில் முந்தைய தலைமுறையான டிடிஆர்4 ராம் போடும் வகையும் கிடைக்கும், கையில் பழைய ராம் இருப்பவர்களுக்கு அது லாபம். ஏஎம்5-ல் அடுத்த தலைமுறையான டிடிஆர்5 மட்டும்தான். என்னிடம் பழைய டெஸ்க்டாப் ராம் எதுவும் இல்லை. ஏஎம்5 என்று முடிவாயிற்று.

சாக்கெட் முடிவானதும் பிராசஸர் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. ரைசன் 5 7600, இல்லையென்றால் 7600எக்ஸ். இரண்டிலும் 6 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசைகள்). உச்ச வேகம் ஒன்றுக்கு 5.1 கிகாஹெர்ட்ஸ், மற்றதற்கு 5.3. ஆனால் எக்ஸ் 105 வாட், சாதா 7600 வெறும் 65 வாட். சாதாவோடு பெட்டியிலேயே சூட்டைத் தணிக்கும் கூலரும் வருகிறது, எக்ஸோடு வராது. அந்த 0.2-க்காகத் தனியாக ஒரு கூலர் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கடைசி எழுத்துகளை அலட்சியம் செய்யாதீர்கள். நான் முதலில் கூடையில் போட்டு வைத்திருந்த ஒரு பிராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தது. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. நானோ கார்டு இப்போதைக்கு வேண்டாம் என்று இருந்தேன். பணம் கட்டுவதற்கு முன் பட்டியலை நண்பனுக்கு அனுப்பியதால் தப்பித்தேன். 7600-க்குள் இருக்கும் கிராபிக்ஸ் சின்னதுதான், பெரிய கேம்களுக்கு ஆகாது. என் வேலைக்குப் போதும்.

ராமில் இன்னொரு பாடம். நாலு ஸ்லாட் இருக்கிறதே, 8 ஜிபி குச்சி நாலு வாங்கி அழகாக நிரப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நாலு குச்சி போட்டால் 3600. நிரப்பினால் குறைகிறது! அதனால் 16 ஜிபி குச்சி இரண்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதாகப் பார்த்து, 6000 வேகத்தில் வாங்கினேன்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஏஎம்5-க்கான பி650 வகையில், மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சற்றுச் சின்ன அளவு போர்டு, கோப்புகளைச் சேமிக்க 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, முன்பக்கம் காற்று போகும்படி வலை வைத்த கேபினட். பவர் சப்ளையில் மட்டும் நண்பன் கண்டிப்பாக இருந்தான். தங்கம், வெண்கலம் என்று பெட்டியில் இருக்கும் முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்வது; உள்ளே போட்டிருக்கும் சரக்கு நல்லதா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. இப்போது 350 வாட்டே எனக்கு ஏராளம். பின்னால் கிராபிக்ஸ் கார்டு போடும் ஆசை இருப்பதால் 650 வாங்கினேன்.

பூட்டும் நாள் வந்தது. முதலில் பிராசஸர். ஏஎம்5-ல் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. 1718 மெல்லிய கம்பிகள், ஒன்று வளைந்தாலும் வம்பு. மூலையில் இருக்கும் குட்டி முக்கோணத்தைப் பார்த்து வைத்தால் தானாக உட்கார்ந்துவிடும், அழுத்தவே கூடாது. ஆனால் அதன் மேல் லீவரை இறக்கும்போது அழுத்தத்தான் வேண்டும். நறநற என்று ஒரு சத்தம் வந்தது. உயிர் போய் உயிர் வந்தது. சத்தத்தோடு கறுப்பு பிளாஸ்டிக் மூடி துள்ளி விழுந்தது, அப்படித்தான் விழ வேண்டுமாம். அதைத் தூக்கிப் போடாமல் போர்டு பெட்டியில் வைத்தேன். போர்டை என்றைக்காவது வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால் அந்த மூடி வேண்டும்.

கூலரின் அடியில், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருந்தது. போர்டில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றிவிட்டு, நாலு ஸ்பிரிங் திருகுகளையும் குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று என்று முறை வைத்து இறுக்கினேன். ராம் குச்சிகள் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில். இதுவரை எல்லாம் சுமுகம். பிராசஸருக்கான 8 பின் கேபிளை, போர்டை உள்ளே வைப்பதற்கு முன்பே மேல் மூலை ஓட்டை வழியாக விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. போர்டை வைத்தபின் அந்த இடுக்கில் கனெக்டரின் தலை நுழையவில்லை. போட்ட திருகையெல்லாம் கழற்றி, மறுபடி முதலிலிருந்து.

ராத்திரி பதினொன்றுக்கு சுவிட்சை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. திரை இருட்டு. போர்டின் ஓரத்தில் நாலு குட்டி விளக்குகள் உண்டு, எந்தப் பாகத்தில் சிக்கல் என்று காட்டுவதற்கு. அதில் ராமுக்கான விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தேன். ராமைக் கழற்றி மாட்டினேன். மறுபடி இருட்டு, மறுபடி அதே விளக்கு. அணைத்தேன். மூன்றாம் முறை நண்பனுக்குப் போன்.

"எத்தனை நிமிஷம் வெயிட் பண்ணின?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"கையை எடுத்துட்டு சும்மா உட்காருடா. அது ராமோட பேசிட்டு இருக்கு."

டிடிஆர்5 ராமை முதல் தடவை போடும்போது, எந்த நேரக்கணக்கில் தகவல் சரியாகப் போய்வருகிறது என்று போர்டு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்குமாம். அதற்குப் பெயர் மெமரி டிரெயினிங். சில நிமிடங்கள் பிடிக்கும், அதுவரை திரையில் ஒரு எழுத்தும் வராது. நான் நடுவில் அணைக்க அணைக்க, பாவம், அது முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. இதைப் பெட்டிக்கு மேலே கொட்டை எழுத்தில் அச்சடித்தால் என்ன கேடு? நாலு நிமிடம் தாண்டி பயாஸ் திரை வந்தது.

அதில் ராம் வேகம் 4800 என்று இருந்தது. 6000 என்று வாங்கியது தானாக அந்த வேகத்தில் ஓடாது, பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். இயக்கிவிட்டுச் சேமித்தேன். மறுபடி அணைந்து எழுந்தது. திரை இருட்டு, அதே விளக்கு. இந்த முறை நான் அட்டைப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, பரண்மேல் ஏற்றிவிட்டு வந்தேன். திரையில் 6000 என்று இருந்தது.