அடுப்பு பற்ற வைக்காத கிறிஸ்துமஸ் பலகாரம்

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. ஆனாலும் தெருவுக்குக் கொடுக்கத் தட்டு தயார்!

நேற்று புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பேரீச்சையும் முந்திரியும் வாங்கி வந்து, சாயங்காலமே நானும் மகளும் உட்கார்ந்துவிட்டோம். 250 கிராம் மாரி பிஸ்கட்டைத் துணியில் கட்டி, சப்பாத்திக் கட்டையால் அவள்தான் தட்டினாள். ரொம்ப நைசாகப் பொடிக்கக் கூடாது. அங்கங்கே கடலைப்பருப்பு அளவு துண்டு கிடந்தால்தான் வாயில் கடிபடும். அதில் 3 ஸ்பூன் கோகோ, 50 கிராம் இளகிய வெண்ணெய், அரை டின் கண்டென்ஸ்டு மில்க். மில்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள்; கையில் ஒட்டாமல் உருண்டு வந்தால் போதும்.

அப்புறம் உலர்ந்த தேங்காய்த் துருவலில் புரட்டி, 2 மணி நேரம் ஃபிரிட்ஜில். பச்சைத் தேங்காய் வேண்டவே வேண்டாம், சீக்கிரம் ஊசிவிடும். நம் கடற்கரை ஈரக்காற்றில் வெளியே வைத்தாலும் குழைந்துவிடும்.

பேரீச்சை உருண்டைக்குச் சர்க்கரையே தேவையில்லை. கொட்டை நீக்கிப் பிசைந்து, முந்திரி சேர்த்துப் பிடித்தால் சரி. எதிர்வீட்டு ஆயாவுக்குப் பல் இல்லை. அவருக்கு மட்டும் முந்திரி போடாமல் தனியாக ஆறு பிடித்து வைத்திருக்கிறாள் மகள். காலையில் முதல் தட்டு அங்கேதான் போகிறது.