கால்வாசித் திறப்பில் வந்த இருமல்

2022இல் இலங்கையின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் ஒதுக்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் மட்டுமே கிடைத்த மாதங்களில், வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் கீழ்த்தளத்தில் என்னுடைய 250 சிசி ஜப்பானிய மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் நின்றபடியே இருந்தது. மறுபடி ஓட்டுவதற்காகத் திறந்து பார்த்தபோது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பழைய பெற்றோல் பிசினாகக் காய்ந்திருந்தது. அதைவிட மோசமாக, எஞ்சினின் உறிஞ்சு விசையால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை மேலே தூக்கும் இறப்பர் சவ்வான டயஃப்ரம் கிழிந்திருந்தது. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் அந்த மொடலுக்குரிய டயஃப்ரம் இல்லை. 2020இலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் புதிய வண்டியைப் பற்றி யோசிக்கவும் முடியவில்லை. ஆகவே 28 மில்லிமீற்றர் பிடபிள்யூகே வகைக் கார்புரேட்டரின் நகல் ஒன்றையும், ஜெற்கள் (பெற்றோலை அளந்துவிடும் துளையுள்ள சிறு திருகுகள்) அடங்கிய சிறு பெட்டி ஒன்றையும், பழைய ஃபில்ற்றர் பெட்டி பொருந்தாது என்பதால் கூம்பு வடிவ எயார் ஃபில்ற்றர் ஒன்றையும் வாங்கி வந்தேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் காலி வீதியில் சமிக்ஞை விளக்கு பச்சையானதும் கைப்பிடியை மெல்லத் திருகினால், ஒரு தரம் இருமி, அணைந்துவிடும்போல் தாழ்ந்து, பிறகுதான் பிடித்து இழுத்தது. பின்னால் பேருந்து நிற்கும்போது அந்த ஒரு கணம் மிகவும் ஆபத்தானது. கூம்பு ஃபில்ற்றரால் காற்று கூடுதலாக வருகிறது, எனவே மெயின் ஜெற் போதவில்லை என்று நானாகவே முடிவு செய்து, 115 எண் ஜெற்றைக் கழற்றி 118, பிறகு 120, பிறகு 125 என்று (எண் கூடினால் துளை பெரிது) மூன்று வாரமாக மாற்றிக்கொண்டிருந்தேன். பெற்றோல் வாடை கூடியது, பிளக் கரியேறியது, இருமல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

தெமட்டகொடையில் சிறிய கராஜ் வைத்திருக்கும் அண்ணர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பானரைக்கூட எடுக்கவில்லை. "தம்பி, வண்டி இருமுறது கைப்பிடி கால்வாசி திறக்கேக்க. அந்த இடத்தில மெயின் ஜெற்றுக்கு என்ன வேலை?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவே வெள்ளை டேப் ஒன்றைக் கைப்பிடியைச் சுற்றி ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடிட்டேன். கார்புரேட்டரின் எந்தப் பகுதி பெற்றோல் கொடுக்கிறது என்பதைத் தீர்மானிப்பது எஞ்சினின் வேகமல்ல, கைப்பிடியின் திறப்பே என்பது அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு ஓட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெற்றும் காற்றுத் திருகாணியும். அங்கிருந்து கால் வரை, காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடின் அடிவெட்டு. காலிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடோடு சேர்ந்து எழும் ஊசி. அதற்கு மேலேதான் மெயின் ஜெற். ஒன்றின் எல்லை மற்றதன்மீது சிறிது படிந்திருக்கும், அவ்வளவுதான். என் இருமல் கால் கோட்டை எட்டுமுன்பே வந்தது.

ஜெற்றைத் தொடுமுன் காற்றுக் கசிவைப் பார்த்தேன். ஐட்லிங்கில் ஓடவிட்டு, கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் இறப்பர் குழாயைச் சுற்றி டபிள்யூடி-40 ஸ்பிரேயைச் சிறிது தெளித்தேன். எஞ்சினின் ஓசை உடனே மாறியது; கசிவு வழியே அது உள்ளே போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். சைலன்சர் கொதிக்கும்போது இதைச் செய்யக்கூடாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த இடத்தில் செய்ய வேண்டும். கிளிப் இறுகவில்லை என்று தெரிந்தது. அகலமான கிளிப் போட்டதும் பாதி இருமல் போனது.

மீதிப் பாதி ஜெற் பெட்டியில் இருந்தது. 38 என்று பொறித்த இரண்டு பைலட் ஜெற்களை மேசை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஒன்றில் ஒளி தெளிந்த புள்ளியாகத் தெரிந்தது, மற்றதில் மங்கலாக, ஒரு பக்கம் பிசிறுடன் தெரிந்தது. எண் ஒன்று, துளை வேறு. அந்தப் பெட்டியை அப்படியே ஒதுக்கிவிட்டு, பிடபிள்யூகேயின் அசல் தயாரிப்பாளரான கெய்ஹினின் ஜெற்களை ஒவ்வொன்றாக வாங்கினேன். விலை கூடத்தான், ஆனால் எண்ணை நம்ப முடியாத ஜெற்றை வைத்து எத்தனை வாரம் உழைத்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. மற்றொரு கார்புரேட்டர் தயாரிப்பாளரான மிக்குனியின் ஜெற் எண்ணையும் கெய்ஹின் எண்ணையும் ஒப்பிடவும் கூடாது, இரண்டும் வெவ்வேறு அளவு முறைகள்.

இந்தக் கார்புரேட்டரில் திருகாணி ஃபில்ற்றர் பக்கமாக இருப்பதால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது; உள்ளே திருகினால் கலவை செறிவாகும் (பெற்றோல் பங்கு கூடும்), வெளியே திருகினால் ஐதாகும். எஞ்சின் பக்கமாகத் திருகாணி உள்ள கார்புரேட்டர்களில் இது தலைகீழ். நன்கு சூடான எஞ்சினில் 38 பைலட் ஜெற்றுடன் ஐட்லிங் மிக உயர்ந்து சீராக நின்றது திருகாணியை முழுதாக மூடி அரைச் சுற்று மட்டும் திறந்தபோது. ஒரு சுற்றுக்கும் குறைவாக வந்தால் பைலட் ஜெற் சிறிது என்று பொருள். 42 போட்டதும் அதே நிலை ஒன்றரைச் சுற்றில் வந்தது. ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினேன்; ஊசி உயர்ந்து நடுத்திறப்பில் இருந்த சிறு தயக்கமும் நீங்கியது.

கடைசியாக மெயின் ஜெற். ஒரு ஞாயிறு விடியலில் ஹைலெவல் வீதியில் ஹோமாகமவுக்கு அப்பால், ஆளரவமற்ற ஓர் ஏற்றத்தில், வேகம் கூடாதிருக்க மூன்றாம் கியரிலேயே முழுத் திறப்பில் ஏறி, கிளச்சைப் பிடித்த கணமே சுவிட்சை அணைத்து ஓரமாக நிறுத்தினேன். புதிய பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், 125இல் வெள்ளைப் பீங்கானின் அடியில் கறுப்பு வளையம், அதாவது பெற்றோல் கூடுதல். 120இல் அது மெலிந்தது. 118இல் இளம் பழுப்பு, தேநீர்க் கறைபோல. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

கைப்பிடியைச் சட்டென்று முழுதாகத் திறந்தால் இன்றும் ஒரு கணம் தயங்கும், ஏனென்றால் பழைய கார்புரேட்டரில் பிஸ்டன் எஞ்சின் கேட்ட அளவுக்குத்தான் எழும்பியது. இதில் கேபிள் ஸ்லைடை நேராகத் தூக்கிவிடுகிறது, அந்தக் கணத்தில் கூடுதல் பெற்றோலைப் பீய்ச்சும் அக்சிலரேட்டர் பம்பும் இல்லை. அதற்குக் கையைத்தான் பழக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் விடுவதென்றால் இப்போது பெற்றோல் குழாயை மூடி, மிதவைக் கிண்ணத்தின் அடித் திருகாணியைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஒரு ஜாம் போத்தலில் வடித்த பிறகே வண்டியை மூடுகிறேன்.