ஜாடிக்குள் ஒரு துளி

காலையில் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மூடிக்குக் கீழே, கண்ணாடியின் உள்பக்கம், கடுகளவு நீர்த்துளி.

முந்தாநாள் டீஹைட்ரேட்டரில், அதாவது சூடான காற்றால் உணவைக் காயவைக்கும் மின்கருவியில், உலர்த்திய ஆப்பிள் துண்டுகள். தொட்டுப் பார்த்தபோது நன்றாகக் காய்ந்துதான் இருந்தன. ஒன்றிரண்டு மட்டும் கொஞ்சம் தடிமன். நடுவில் ஈரம் தங்கிவிட்டது.

அப்படியே விட்டிருந்தால் மொத்தமும் பூஞ்சை பிடித்திருக்கும்.

எல்லாவற்றையும் மறுபடி தட்டில் பரப்பி 57 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டேன். சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டை ஏற்றக் கூடாது. மேல்பக்கம் இறுகிப்போய், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழியிருக்காது.

உலர்த்தியதை ஜாடியில் முக்கால்வாசி மட்டும் நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்க்கச் சொல்வது இந்தத் துளிக்காகத்தான்.

எந்த டீஹைட்ரேட்டர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: எத்தனை தட்டு என்று எண்ணும் முன், மின்விசிறி எங்கே என்று பாருங்கள். பின்பக்கம் இருந்தால் எல்லாத் தட்டுக்கும் காற்று ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். அடியில் இருந்தால் தட்டுகளை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். அப்புறம், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும்.

இப்போது வீடு முழுக்க ஆப்பிள் வாசம். ஜாடியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.